கோயில் மஞ்சள், ஸ்டேடியம் மஞ்சள்

ஜனவரி 9, வெள்ளி

மத்தியானம் வரை மழை. அப்புறம் அடுப்படி வெயில். போர்ட்டில் ஒரே ஒரு நடைதான், அதற்கே நாள் போய்விட்டது. லோரியை யார்டில் விட்டுவிட்டுக் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மஞ்சள் டீ-சட்டை இரண்டு வாங்கினேன். போட ஒன்று, துவைக்க ஒன்று.

கடைக்கார அக்கா, "காவடியா, பால்குடமா அண்ணே?"

"காவடி. மொத தடவ."

"மொகத்தப் பாத்தாலே பயமா இருக்கு. கொஞ்சம் சிரிங்க லா."

சிரித்தேன். அவர் கல்லாப்பக்கம் நகர்ந்துவிட்டார்.

சாயங்காலம் கோயிலில் மாலை போட்டுக்கொண்டேன். இன்று முதல் விரதம். விதிகள்:

கவுச்சி இல்லை. முட்டையும் சேர்த்தி.
பியர் இல்லை, சிகரெட் இல்லை.
படுக்கை தரையில், தனியாக.
உடை மஞ்சள்.
கோபம் கூடாது.

கடைசி விதி முருகனுடையது மட்டுமல்ல, கவிதாவுடையதும். போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தால் கொக்கிக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். ஒன்றுமில்லை என்றே வந்தது. ஆனால் ஆப்பரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து என்னைத் தேடியபோது நான் கார்பார்க்கில் ஒருவன் சட்டையைப் பிடித்த குற்றத்துக்காகக் காவலாளியின் ஜாகா ரூமில் உட்கார்ந்திருந்தேன். அதை அவள் மறக்கவில்லை.

நேற்று உட்கார வைத்துச் சொன்னாள். "முருகனுக்குக் காவடி எடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு. யார் மேலயும் கை ஓங்கக் கூடாது. இன்னொரு தடவ பாத்தேன், ரவாங்குக்குப் போயிருவேன்." ரவாங்கில் அவள் அக்கா வீடு.

"உன் மேல நான் கை வச்சிருக்கேனா?"

"செவுத்து மேல வக்கிறீங்க. கதவு மேல வக்கிறீங்க. சத்தம் எனக்குத்தானே கேக்குது."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். கையில் அடித்து.

நாளை பூட்பால் மேட்ச். எதிரிக்கு ஜெர்சி மஞ்சள், நமக்குச் சிவப்பு. அந்த மாநிலத்தின் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன், நாறும். நம்ம கோச் மறுபடியும் ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தப் போகிறாராம். பந்திக்குக் கதவு திறக்கும்வரை கல்யாண மண்டபத்து வாசலை அடைத்து நிற்கிற கூட்டம் மாதிரி நிற்பார்கள், ஐந்து பேரும்.

ஜனவரி 11, ஞாயிறு

வலது விலா. இடது கண் பாதிதான் திறக்கிறது. முதுகில் தோளுக்குக் கீழே ஷூ நுனி கிழித்த இடம். எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இது. நேற்று மாலை பூஜை முடிந்து கோயிலிலிருந்து நேரே ஸ்டேடியம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சீட்டுக்கு அடியிலிருந்து நம்ம சிவப்பு ஜெர்சியை எடுத்தேன். உள்ளே போய் மேலே போட்டுக்கொள்ளலாம் என்று கையில் பிடித்துக்கொண்டே நம்ம கேட் பக்கம் நடந்தேன். போட்டிருந்தது விரத மஞ்சள்.

இத்தனை வருஷமாக மேட்ச் பார்க்கிறவனுக்கு இது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. கோயில் மஞ்சள் வேறு, அவன்கள் மஞ்சள் வேறு என்றே என் கண்ணுக்குள் இருந்தது. இரண்டும் ஒரே சாயம் என்று முதல் உதை விழுந்தபோதுதான் தெரிந்தது.

பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன். கையில் யாரிடமிருந்தோ பறித்த சிவப்பு ஜெர்சி. "பென்ச்சூரி!" என்று ஒருவன் கத்தினான். திருடனாம். என் ஜெர்சிக்கு நானே திருடன்.

ஆறேழு பேர் இருக்கும். "டேய், நான் நம்ம ஆளுடா! வெரதம்டா!" என்று கத்தினேன். முரசுச் சத்தத்தில் எவன் காதில் விழும்? கீழே விழுந்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். விரல் இடுக்கில் தெரிந்தது ஒரே ஒரு கால். அரைக்கால் சட்டை, கெண்டைக்காலில் பச்சை குத்திய வேல். கீழே முருகன் பெயர். அந்தக் கால்தான் முதுகில் இறங்கியது. மூன்றாவது உதையில் வேல் தலைகீழாகத் தெரிந்தது.

டிக்கெட் நான் வாங்கியது, உதை நம்ம ஆளுடையது. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

என் கால் சும்மா இருந்தது. கை முகத்தில் இருந்தது. ஒருவன் கணுக்காலைப் பிடித்து இழுத்திருந்தால் போதும், மண்டையைத் தார் ரோட்டில் மோதியிருப்பேன். இழுக்கவில்லை. இது பக்தியா, அடி அதிகமா, தெரியவில்லை.

கிளினிக்கில் நர்ஸ் கண்ணுக்கு மருந்து விடும்போது டி.வி.யில் மேட்ச். எண்பத்தெட்டாவது நிமிடம், ஐந்து பேருக்கும் நடுவில் புகுந்து மஞ்சள் கோல். 1-0. "அங்கிள், ரொம்ப வலிக்குதா?" என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்றேன்.

வீட்டில் கவிதா கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டது மூன்றே கேள்வி.

"யாரு?"

"நம்ம ஆளுங்கதான்."

"என்னது?"

சட்டையைக் காட்டினேன். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க?"

"கை எடுக்கல."

ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி விலாவில் வைத்தாள். விரதம் என்பதால் தொடக் கூடாது, துண்டின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். போலீஸில் ரிப்போர்ட் கொடுக்கச் சொன்னாள். நம்ம ஸ்டாண்டு ஆள் மேல் நானே எப்படிக் கொடுப்பது? அவள் துண்டை மடக்கி மறுபடியும் வைத்தாள்.

இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை: அந்த வேல் பச்சையை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

ஜனவரி 14, புதன்

வெயில். பொங்கலுக்குக் கரும்பு ஒரு கட்டு. எம்.சி. லீவு முடிந்து வேலைக்குப் போனேன். போர்ட் கேட்டில் லோரி வரிசை ஒரு மைல். ஒரு ட்ரெய்லர்க்காரன் வரிசைக்குள் மூக்கை நுழைத்தான். ஹாரன் அடித்தேன். இறங்கி வந்து என் கதவைத் தட்டி, என் அம்மாவைப் பற்றி மூன்று மொழியில் பேசினான்.

சீட்டுக்கு அடியில் இரும்பு பைப் இருக்கிறது. டயர் தட்டிப் பார்க்க என்று சொல்லிக்கொள்வது. கை அதுவரை போனது. அவன் முழங்கால் எங்கே இருக்கிறது, பைப் எந்த உயரத்தில் பட வேண்டும் என்று மனசு அளந்துவிட்டது. அப்போது கழுத்தில் மாலை உரசியது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கைக் கடித்தேன். நிஜமாகவே கடித்தேன், பல் தடம் இருக்கிறது.

அவன் பயந்துபோய்த் திரும்பிவிட்டான். கடிக்கிறவனிடம் யாரும் வாதாட மாட்டார்கள் போலிருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

மூட்டம். விலா பரவாயில்லை. கண்ணைச் சுற்றிக் காயம் பச்சையாகி, இப்போது மஞ்சள். ஆறுகிற காயம்கூட அந்த டீம்தான்.

ரவாங்கிலிருந்து சகலை வந்தார், கவிதாவின் அக்கா வீட்டுக்காரர். காவடிக்கு உருமி மேளம் பேசிவிட்டாராம், செலாயாங் செட். செட்டுத் தலைவனையும் கூட்டி வந்திருந்தார். பெயர் குணா. இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். செலாயாங் மொத்தப் பாசாரில் காய்கறி மூட்டை ஏற்றுகிற வேலை. முதுகில் ஏற்றுகிற கொக்கிக்குக் கயிறு பிடித்துப் பின்னால் வருகிறவனும் அவன்தானாம்.

"அண்ணே, கவலப்படாதீங்க. நான் கயிறு புடிச்சா ஒரு சொட்டு ரத்தம் வராது."

நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டே காப்பித் தட்டை நீட்டினேன். சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அரைக்கால் சட்டை. கெண்டைக்காலில் வேல்.

தட்டு என் கையில்தான் இருந்தது. எப்படி விழாமல் இருந்தது என்று தெரியவில்லை.

அவனுக்கு என்னைத் தெரியவில்லை. அன்றைக்கு என் முகம் கைக்குள் இருந்ததே. சகலை பெருமையாகச் சொல்கிறார், "குணா பெரிய பூட்பால் பைத்தியம். ஸ்டேடியத்துல முரசு அடிக்கிறதே இவன்தான்."

"அண்ணனும் நம்ம டீமா?" என்றான் குணா. முகமெல்லாம் பல்.

"ம்."

"போன வாரம் வந்தீங்களா? தோத்துட்டோம் லா. ஆனா வெளிய ஒரு மஞ்சக்காரன் சிக்குனான் அண்ணே. நம்ம ஜெர்சியத் திருடிட்டான். செம ஒத."

கவிதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கையைத்தான் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டேன், இரண்டையும், ஒன்றன்மேல் ஒன்று.

அவன் போனதும், "வேற மேளம் பாக்கலாமா?" என்றாள்.

"வேண்டாம். இவனே இருக்கட்டும்."

"எதுக்கு?"

காப்பித் தட்டை எடுத்து வைத்தேன். எதுக்கு என்று எனக்குத் தெரியும். தைப்பூசம் ஒன்றாம் தேதி. மூன்றாம் நாள் இடும்பன் பூஜை. அதோடு மாலையைக் கழற்றலாம். விரதம் முடிந்தவன் கவுச்சி சாப்பிடலாம், பியர் குடிக்கலாம், மற்றதும் செய்யலாம்.

ஜனவரி 24, சனி

மழை. வெளியூர் மேட்ச், டி.வி.யில். சத்தம் வைக்காமல் பார்த்தேன், கவிதா தூங்குகிறாள். 2-2. பெனால்டி தரவில்லை. வி.ஏ.ஆர். ரீப்ளே பார்த்துவிட்டும் தரவில்லை. ரெஃப்ரியின் கழுத்தை விசில் கயிற்றாலேயே நெரித்தேன், மனசுக்குள். பிறகு அதே கயிற்றில் குணா. இந்த வாரம் அவனை எத்தனையோ விதமாக அடித்துவிட்டேன். லோரி ஓட்டும்போது, குளிக்கும்போது, தேவாரம் சொல்லும்போது. ஒவ்வொரு தடவையும் முதல் அடி மூக்கில்தான்.

முருகா, உன் பெயர் சொல்லும்போதும் அவன் கால்தான் ஞாபகம் வருகிறது.

"கோவம் இல்லாம அமைதியா இருக்கீங்க" என்று கவிதா இன்று சந்தோஷமாகச் சொன்னாள். தலையாட்டினேன். அடைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 2, திங்கள்

வெயில். பொது விடுமுறை. உடம்பெல்லாம் விபூதி வாசனை. நேற்று பத்துமலை.

ஆற்றங்கரையில் குளித்து நின்றேன். முதுகில் கொக்கி ஏற்ற வந்த சாமி பார்க்கிற பெரியவர் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். "இங்க என்ன காயம்? புதுசா இருக்கே."

"ஸ்டேடியத்துல பட்டது."

பின்னால் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்த குணா கேட்டான், "எந்த மேட்ச் அண்ணே?"

"மஞ்சக்காரன் மேட்ச். கோயில்லேருந்து நேரா வந்தேன். வெரத மஞ்ச சட்டையோட."

கயிற்றைப் பிரித்த அவன் கை நின்றது, பிறகு மறுபடியும் பிரித்தது. உருமி உறுமியது. பெரியவர் தழும்பை விட்டுவிட்டு மற்ற இடத்தில் கொக்கிகளை ஏற்றினார்.

நடந்தபோது எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. என் தோல் அவன் கையில். திரும்பி அவன் முகத்தைப் பார்க்க நினைத்தாலும் முடியாது, கிழிந்துவிடும். இழுத்துப் பழிவாங்க வேண்டுமென்றால் அவனுக்குத்தான் வசதி. ஆனால் அவன் இழுக்கவில்லை. நான் முன்னால் சாய்ந்தால் விட்டுக் கொடுத்தான், தளர்ந்தால் பிடித்து நிறுத்தினான். படியில் ஒரு இடத்தில் கால் மடங்கியது. கயிறுதான் தாங்கியது.

சொன்னபடியே ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

மேலே முருகனைப் பார்த்தபோது அழுதேன். கவிதா நன்றாக இருக்கிறாள் என்பதற்காக. அது உண்மை. இறங்கி வரும்போது, இன்னும் இரண்டு நாள் என்று நினைத்ததும் உண்மை.

பிப்ரவரி 4, புதன்

காலை. தூறல். வீடு காலி.

நேற்று இடும்பன் பூஜை. வாசலில் கேனப்பிப் பந்தல் போட்டு மேஜை. ஆட்டுக்கறி, கோழி, சுருட்டு, பியர், எல்லாம் படைத்தோம். மாலையைக் கழற்றிப் படத்தில் சாத்தினேன். சகலை இலை போட்டார். முதல் வாய் கறி வாயில் இருந்தபோது குணா வந்தான். உட்காரவில்லை. என் முன்னால் வந்து நின்றான். நானும் எழுந்தேன்.

"அண்ணே, அந்த மஞ்ச சட்ட நீங்கதானே. நான்தான் ஒதச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணே. ரெண்டு நாளா சோறு எறங்கல."

குனிந்தான். காலைத் தொட.

மன்னிப்பு கேட்க ஒருவன் குனிகிறான் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் முழங்கால் மேலே போனது. குனிந்த அவன் முகத்தில் இடித்தது. நிமிர்ந்தவனுக்கு மூக்கில் ஒன்று, எத்தனையோ தடவை மனசுக்குள் அடித்த அதே இடம். எலும்பு முறிகிற சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. இலை மேல் ரத்தம். ஆட்டுக்கறி மேல் ரத்தம். மூன்றாவது அடிக்குச் சகலை இடுப்பைக் கட்டிப் பிடித்தார். குணா கையைத் தூக்கவே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "சரி அண்ணே, சரி அண்ணே" என்றான்.

நன்றாக இருந்தது. பொய் எழுத மாட்டேன். மூச்சு இரண்டு இழுப்பதற்குள் முடிந்துபோனது, ஆனால் இருந்தது.

திரும்பினால் சமையலறை வாசலில் கவிதா, ரசப் பாத்திரத்தோடு.

"வெரதம் முடிஞ்சிருச்சுல்ல கவிதா" என்றேன். இதைவிட மடத்தனமாக ஒருவன் வாய் திறக்க முடியுமா?

அவள் கத்தவில்லை. "முருகனுக்குப் பயந்து இத்தன நாள் காத்திருந்தீங்க" என்றாள். "எனக்குப் பண்ண சத்தியத்துக்கும் இடும்பன் பூச உண்டா?"

பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஒரு பை துணி. சகலையின் காரிலேயே ரவாங் போய்விட்டாள். குணாவை முன்சீட்டில் உட்கார வைத்து, கிளினிக்கில் இறக்கிவிட்டுப் போனார்கள். துண்டில் ஐஸ் சுற்றி அவனுக்குப் பிடிக்கக் கொடுத்தவள் அவள்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

வெயில். இரண்டு நடை. போன் பண்ணினால் எடுப்பதில்லை. "சாப்பிட்டியா?" என்று அனுப்பினேன். சாப்பிட்டாள் என்று அவள் அக்கா பதில் போட்டார்.

மீந்த ஆட்டுக்கறி ஃப்ரிட்ஜில். திறக்கப் பிடிக்கவில்லை. பியரும் அப்படியே இருக்கிறது. கோபமும் வரவில்லை. வரிசையில் ஒருவன் குறுக்கே நுழைந்தான், வழி விட்டேன். பைப்பை எடுத்து யார்டில் போட்டுவிட்டேன். வெட்டி வீரம், பார்க்க யாருமில்லை.

சுவரில் பழைய குத்து விழுந்த பள்ளம். அதற்கு மேல் அவள் காலண்டர் மாட்டியிருக்கிறாள். அது அங்கே ஏன் மாட்டியிருக்கிறது என்று இவ்வளவு நாள் கேட்டதில்லை.

நாளை கோப்பை மேட்ச். குலுக்கலில் மறுபடியும் மஞ்சள். போகப்போவதில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. போனேன்.

வீட்டில் இருக்க முடியவில்லை. இந்தத் தடவை சிவப்பு ஜெர்சியை வீட்டிலேயே போட்டுக்கொண்டேன். அதே கேட், அதே ரோடு. முரசுச் சத்தம். எட்டிப் பார்த்தேன், குணாதான். மூக்கில் பிளாஸ்டர். என்னைப் பார்த்தான், கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது ஒரு மலாய்க்காரர் வந்தார். என் வயதைத் தாண்டியவர், கண்ணாடி போட்டவர். மஞ்சள் ஜெர்சி. கேட் நம்பரைத் தப்பாகப் படித்துவிட்டு நம்ம கூட்டத்துக்குள்ளேயே வந்து நின்று டிக்கெட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். இதற்கு மேல் எழுதவே வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். முதல் தள்ளு. கண்ணாடி கீழே. இரண்டாவது ஆள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தான். அவர் இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோனார்.

அந்தக் கை போன விதம் எனக்குத் தெரியும்.

ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். அடிக்கத் தெரிந்த அளவுக்குத் தடுக்கத் தெரியாது எனக்கு. கட்டிக்கொள்வது ஒன்றுதான் தோன்றியது. சிவப்புச் சட்டையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான்கள். பிறகு ஒருவன், "துரோகி நாயே, மஞ்சக்காரனக் காப்பாத்துறியா?" என்றான். வாயில் ஒன்று. முதுகில் இரண்டு, பழைய இடம். அடித்தவன் தாடை என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது, முழங்கையைத் திருப்பினால் போதும். கை இரண்டும் அந்த மனுஷனின் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தது. பிரிக்கவில்லை.

திடீரென்று முரசு. கேட்டுக்குள் நுழையும்போது அடிக்கிற அடி அது. அதைக் கேட்டால் நம்ம கூட்டம் பின்னாலேயே போகும், பழக்கம். குணா அடித்துக்கொண்டே கேட் பக்கம் நடந்தான். ஒவ்வொருவனாக நகர்ந்தான்கள், அடித்தவன் உட்பட. அவனும் பாட்டு பாடிக்கொண்டே போனான்.

மலாய்க்காரரின் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தேன். ஒரு பக்கம் கீறல். அவருடைய கேட் வரை கூட நடந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், சரியாகக் கேட்கவில்லை, காது இரைந்தது.

திரும்பி வந்தால் குணா வெளியே நிற்கிறான். முரசை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டிருந்தான்.

"மூக்கு?" என்றேன்.

"ஒடஞ்சிருச்சு அண்ணே."

"நான் பண்ணது தப்புடா குணா."

"வாங்க அண்ணே, கேட்ட மூடிருவானுங்க."

நான் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை உதட்டைப் படம் எடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, படம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

"யாரு?"

"நம்ம ஆளுங்கதான்."

"நீங்க?"

"கை எடுக்கல."

நீல டிக் விழுந்தது. குளித்தேன். சோறு வைத்தேன், தண்ணீர் அதிகம், கஞ்சியாகிவிட்டது. உதடு எரிய எரியக் குடித்தேன். நேற்று மேட்ச் என்ன ஆயிற்று என்று இன்னும் பார்க்கவில்லை, இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

போன் அடிக்கிறது. இல்லை, மெசேஜ்தான்.

"ஐஸ் வைங்க."